முரசும் மனச்சான்றும்

விடுதலை நாள் அணிவகுப்பைக் காணக் கோலாலம்பூர் வீதியோரத்தில் நிற்கின்றோம். தொலைவில் முரசொலி கேட்கின்றது. அணி இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆயினும் தந்தையின் தோள்மீது அமர்ந்திருக்கும் குழந்தை காலை ஆட்டத் தொடங்கிவிடுகின்றது. ஊன்றுகோலுடன் நிற்கும் முதியவரின் விரல் அக்கோலின் தலையில் தாளமிடுகின்றது. எவரும் எவருக்கும் கட்டளையிடவில்லை. ‘இஃது என்ன ஓசை? யார் முழக்குகின்றனர்? எதற்காக முழக்குகின்றனர்?’ என்று அறிவு விழித்துக் கேட்பதற்கு முன்பே கால் விடையளித்துவிட்டது.

பின்னர் அணி வருகின்றது. முன்னே தண்டேந்திய தலைவன். அவனுக்குப் பின் தோளில் குழல் சாய்த்த வரிசைகள். அவற்றின் பின் முரசேந்திய வரிசைகள். பெரும்பாலோர் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். மீசை இன்னும் சரியாக அரும்பாத முகங்கள். வெயிலில் வியர்வை கண்ணுக்குள் இறங்கினாலும் துடைக்கக் கை எழாது. நாற்பது பேரின் எண்பது கால்களும் ஒரே காலாகத் தரையைத் தொடுகின்றன.

இக்காட்சியைக் கண்டு பெருமிதம் கொள்ளாத பெற்றோர் அரியர். நானும் பெருமிதம் கொண்டவனே. ஆயினும், கிள்ளானில் பல்லாண்டுகள் தமிழ் கற்பித்து, இப்பொழுது பிரிக்பீல்ட்சில் ஓய்வாக வாழும் என் உள்ளத்தை ஒரு வினா விட்டகலவில்லை. ஒரே தாளத்திற்குக் கால் வைக்கக் கற்கும் பிள்ளை நல்லவனாகின்றானா? அல்லது பணிகின்றவனாக மட்டும் ஆகின்றானா? இவ்விரண்டும் ஒன்றுதானா? இதனைச் சற்று ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

குழல் வந்த வழி

நம் நாட்டில் இளம் படைப்பயிற்சியாளர் குழலும் முரசும் இசைத்து நடப்பதற்கு எடுத்துக்காட்டாகக் கோலாலம்பூர் சுங்கை பீசியில் உள்ள அரச இராணுவக் கல்லூரியைக் கூறலாம். அவசரகாலம் நிலவிய 1952-ஆம் ஆண்டில், அன்றைய பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஜெரால்டு டெம்பளரின் முயற்சியால் போர்ட்டிக்சனில் அது தோன்றியது. விடுதலை பெறவிருந்த நாட்டிற்குப் படை அதிகாரிகளும் அரசுப் பணியாளரும் பல துறைத் தலைவர்களும் வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1960-களின் தொடக்கத்தில் சுங்கை பீசிக்கு இடம் பெயர்ந்த அக்கல்லூரி, 1966-இல் ‘அரச’ என்னும் அடைமொழியைப் பெற்றது. ‘தலைமை தாங்கத் தொண்டு செய்’ என்னும் கருத்தே அதன் குறிக்கோளுரை.

அங்குப் பயிலும் மாணவர் ஏந்தும் பேக்பைப் என்னும் பைக்குழல், ஸ்காத்லாந்து மலைநாட்டிலிருந்து பேரரசின் படைகளோடு ஊர் ஊராகச் சென்ற கருவியாகும். மலாயா மண் அதனை நன்கு அறியும். 1942-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 31-ஆம் நாள், சப்பானியரிடம் தீவக்குறையை இழந்து பிரிட்டிஷ் படைகள் சிங்கப்பூருக்குப் பின்வாங்கியபொழுது, ஜொகூர் பாலத்தைக் கடைசியாகக் கடந்தவர் ஆர்கைல் படைப்பிரிவினர். எஞ்சியிருந்த குழலூதிகள் இருவர் ஊத, அத்தோற்றுப்போன வீரர் நடந்தனர். வெற்றியில் முழங்கிய குழல் தோல்வியிலும் முழங்கியது. இன்று அதே குழலை மலாய், சீன, இந்திய மாணவர்கள் இந்நாட்டுக் கொடியின்கீழ் ஊதுகின்றனர். கருவி எவருடையது என்பது பெரிதன்று. அது யார் கையில் எதற்கு ஒலிக்கின்றது என்பதே கருதத் தக்கது.

கருவி கற்பிப்பது

பைக்குழலின் அமைப்பைச் சிறிது அறிந்தால், அது ஒரு மாணவனுக்கு என்ன கற்பிக்கின்றது என்பது விளங்கும். தோற்பை ஒன்று, அதற்குக் காற்றூதும் குழாய் ஒன்று, விரலிட்டு இசைக்கும் குழல் ஒன்று, தோள்மேல் நிமிர்ந்து நிற்கும் ஒத்துக்குழல்கள் மூன்று. நம் நாகசுரத்திற்குச் சீவாளி இருப்பது போன்றே, விரலிடும் குழலுக்கும் இரட்டை நாக்கு உண்டு. நாகசுரத்தின் அருகே அமர்ந்து ஒருவர் இடைவிடாது ஊதிய ஒத்து எந்தப் பணியைச் செய்ததோ, அந்தப் பணியையே அம்மூன்று குழல்களும் செய்கின்றன. ஸ்காட் சாலையில் உள்ள ஸ்ரீ கந்தசுவாமி கோயிலில் நாகசுரம் கேட்டுப் பழகிய செவிக்கு இக்குழல் முற்றிலும் அயலானதன்று.

இக்கருவியில் விரலுக்கு அகப்படும் சுரங்கள் ஒன்பதே. மெல்ல ஊதவும் இயலாது. உரக்க ஊதவும் இயலாது. பை நிறைந்து விட்டால் ஒலி தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். ஊதுபவன் மூச்சு வாங்கும்பொழுது கை பையை அழுத்திக் காற்றைக் காக்கின்றது. இடையில் நிறுத்தம் இல்லாமையால், ஒரே சுரத்தை இருமுறை ஒலிக்க வேண்டுமாயின், நடுவே கண்ணிமைக்கும் நேரத்தில் வேறொரு சுரத்தைத் தொட்டு வர வேண்டும். இத்தனை கட்டுப்பாடுகளுக்குள்தான் அதன் அழகு முழுவதும் பிறக்கின்றது.

புதிதாகச் சேரும் மாணவனிடம் எவரும் உடனே பையைக் கொடுப்பதில்லை. பல திங்கள் சிறு பயிற்சிக் குழலில் விரல் பழக வேண்டும். முரசடிப்பவனும் அவ்வாறே, முதலில் ஓசையற்ற பயிற்சிப் பலகையில் மணிக்கட்டுத் தேய வேண்டும். பொறுமை, பயிற்சி, பக்கத்தில் நிற்பவனைச் செவியால் உணர்தல், தன் திறமையைத் தனித்துக் காட்டாது அணியின் ஓசையில் கரைத்தல் ஆகிய பண்புகள் நூலைப் படித்து மட்டும் வருவன அல்ல. பல இனத்துப் பிள்ளைகள் ஒரே மூச்சில் ஊதுவதற்குக் கற்பது இந்நாட்டிற்குச் சிறிய நன்மையன்று. ஆகவே, படைப்பயிற்சி அணி பிள்ளைகளைக் கெடுக்கின்றது என்று பொதுப்படக் கூறுவோரின் கருத்தை என்னால் ஏற்க இயலாது.

முரசின் மறுபக்கம்

எனினும், உண்மையின் ஒரு பக்கத்தை மட்டும் காட்டுதல் ஆசிரியனுக்கு அழகன்று. மறுபக்கத்தையும் காண்போம்.

1746-ஆம் ஆண்டில், அரசனை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்த ஸ்காத்லாந்து மலைநாட்டுப் படை கலோடன் என்னுமிடத்தில் தோல்வியுற்றது. அப்படையில் ஜேம்ஸ் ரீடு என்னும் குழலூதி ஒருவன் இருந்தான். யார்க் நகரில் நடந்த வழக்கில், தான் வாள் ஏந்தவில்லை என்றும், குழல் மட்டுமே ஊதியதாகவும் அவன் தரப்பில் கூறப்பட்டது. மலைநாட்டுப் படை குழல் இன்றி நடந்ததில்லை. எனவே குழலும் போர்க்கருவியே என்று முறைமன்றம் கருதியது. அவன் தூக்கிலிடப்பட்டான். தீர்ப்பின் கொடுமையை நாம் கண்டிக்கலாம். ஆயினும் அதனுள் ஒரு கசப்பான உண்மை பொதிந்திருப்பதை மறுப்பதற்கில்லை. ‘நான் ஊத மட்டுமே செய்தேன்’ என்று கூறி எவரும் முற்றிலும் விலகிவிட இயலாது. கால்களை எடுத்துவைக்கச் செய்தவனுக்கு, அவை சென்று சேர்ந்த இடத்திலும் ஒரு பங்கு உண்டு.

மற்றொன்று. பழைய பிரிட்டிஷ் படையில் சிறுவர் பலர் முரசடிப்பவராகச் சேர்க்கப்பட்டனர். குற்றம் புரிந்த வீரனைச் சாட்டையால் அடிக்கும் வேலையும் முரசடிப்பவருக்கே உரியதாக இருந்தது. 1881-இல் அத்தண்டனை ஒழிக்கப்படும்வரை, தாளம் பழகிய கையே தோலை உரிக்கவும் பயன்பட்டது. எண்ணிக்கை தவறாமல் அடிக்கக் கற்றவனுக்கு, எதன்மீது அடிக்கின்றோம் என்று எண்ணக் கற்பிக்கப்படவில்லை.

நம் சிலாங்கூர் மாநிலத்து நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 1948-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில், பத்தாங்காலியை அடுத்த ரப்பர்த் தோட்டம் ஒன்றில், படைக்கலம் இல்லாத ஊரார் 24 பேர் பிரிட்டிஷ் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். சுட்டவர்கள் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் என்னும் படைப்பிரிவினர். குழலுக்கும் முரசுக்கும் ஒழுங்கிற்கும் உலகப் புகழ் பெற்றவர்கள். தப்பியோட முயன்றமையால் சுடப்பட்டனர் என்றே அப்பொழுது கூறப்பட்டது. இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்தபின், அப்படையில் இருந்தவர் சிலர் அது பொய் என்று உறுதிமொழி வாக்குமூலம் அளித்தனர். பொது விசாரணை வேண்டும் என்ற கோரிக்கையை 2015-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அவ்வீரர்களின் கால்கள் ஒருநாளும் தாளம் தவறியிருக்கமாட்டா. ஆனால் உள்ளம் தன் குரலை வெளியிட இருபது ஆண்டுகளுக்கும் மேல் ஆயின.

இந்த இழிசெயலைக் குழல் செய்யவில்லை, முரசும் செய்யவில்லை. அதனை நான் அறிவேன். ஆயினும், சீரான நடை ஒருவனை நல்லவனாக்கிவிடும் என்ற நம் எளிய நம்பிக்கையை இது தகர்த்துவிடுகின்றது.

ஒழுங்கும் ஒழுக்கமும்

தமிழில் ஒழுங்கு என்றும் ஒழுக்கம் என்றும் இரு சொற்கள் உள்ளன. இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. ஆயினும் வழக்கில் அவற்றின் பொருள் வேறு. ஒழுங்கு கண்ணுக்குத் தெரிவது. வரிசையில், நடையில், உடையில் காணப்படுவது. பிறர் ஆணையாலும் அமைவது. ஒழுக்கம் அகத்தே பிறப்பது. பார்ப்பார் எவரும் இல்லாத இடத்திலும் நிற்பது. திருவள்ளுவர் ஓர் அதிகாரம் முழுவதையும் ஒழுக்கமுடைமைக்கு ஒதுக்கினார். ஒழுங்குடைமை என்று ஓர் அதிகாரம் வகுக்கவில்லை.

இதனால் ஒழுங்கு வேண்டா என்று கூற வரவில்லை. வரப்பில்லாத வயலில் நீர் நிற்காது. ஒழுங்கு வரப்பு; ஒழுக்கம் பயிர். வரப்பை உயர்த்திவிட்டுப் பயிரிட மறந்த உழவனைப் போல் நாம் ஆகிவிடக் கூடாது என்பதே என் கவலை.

‘பிள்ளைக்குச் சிந்திக்கவும் கற்பித்தால் அணி குலையாதா?’ என்று வினவுவர். குலையாது. தன் தலைவன் தவறாக ஏவமாட்டான் என்றும், தவறாக ஏவினால் அதனை மறுக்கும் உரிமை தனக்குண்டு என்றும் அறிந்தவன்தான் முழு மனத்துடன் பணிய வல்லவன். அச்சத்தால் பணிபவனின் நடை, அச்சம் நீங்கிய கணத்திலேயே குலைந்துவிடும்.

குழலேந்திய சிறுவனுக்கும் துப்பாக்கி ஏந்திய சிறுவனுக்கும் இடையே உள்ள எல்லையையும் நாம் காத்தல் வேண்டும். ஈழப்போரில் பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் போர்முனைக்குச் சென்ற துயரம் தமிழர் நெஞ்சில் இன்னும் ஆறவில்லை. பதினெட்டு வயது நிரம்பாதவர் போரில் நேரடியாக ஈடுபடக் கூடாது என்பதற்காக ஐக்கிய நாட்டு அவை 2000-ஆம் ஆண்டில் ஒரு நெறிமுறையை ஏற்றது; மலேசியா 2012-இல் அதில் இணைந்தது. சட்டம் எல்லையை வரையலாம். அவ்வெல்லை எதற்காக என்பதைப் பிள்ளைகளுக்கு உணர்த்துதல் ஆசிரியரின் கடன்.

முரசுகட்டில்

முரசை நம் முன்னோர் எளிதாகக் கருதினர் அல்லர். வேந்தர்க்கு வீரமுரசு, நீதிமுரசு, கொடைமுரசு என மூன்று முரசுகள் உரியன என்பது மரபு. போருக்கு அழைத்த தோலே முறைக்கும் ஈகைக்கும் அழைத்தது. முரசைப் புனிதமாகப் போற்றினர், நீராட்டினர், அதனை வைக்கத் தனிக் கட்டில் அமைத்தனர். அக்கட்டிலில் ஏறுபவனை வாளால் இரு கூறாக்குதல் அக்காலத்து முறை.

புறநானூற்றின் ஐம்பதாம் பாட்டை மாணவர்க்குக் கற்பிக்காத தமிழாசிரியர் சிலரே இருப்பர். நீராட்டுக்காக முரசு வெளியே சென்றிருந்த வேளையில், வழிநடந்து களைத்த மோசிகீரனார், அது முரசுகட்டில் என்று அறியாது அதன்மீது படுத்து உறங்கிவிட்டார். சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை அங்கு வந்தான். வாளை எடுக்க வேண்டிய கை விசிறியை எடுத்தது. புலவர் கண்விழிக்கும்வரை நின்று வீசினான்.

அவன் முரசை மதியாத வேந்தன் அல்லன். தகடூரை வென்ற வீரன். முரசின் பெருமை அவன் அறிந்தது போல் அறிந்தவர் யார்? எனினும், முரசு ஒருபுறமும் களைத்த மனிதன் ஒருபுறமும் நின்றபொழுது எது பெரிது என்று அவன் ஒரு கணத்தில் உணர்ந்தான். முரசு மனிதனுக்காகவே அன்றி, மனிதன் முரசுக்காக அல்லன் என்பதே அப்பாட்டின் உள்ளுறை எனக் கருதுகின்றேன்.

ஒரு காலைப் பொழுது

இதனைப் பல்லாண்டுகள் வகுப்பில் விளக்கியவன் நான். ஆயினும் ஒருமுறை இதே தேர்வில் தோற்றவனும் நானே. அதனை மறைக்காமல் கூறுதல் முறை.

அப்பொழுது நான் கிள்ளான் வட்டாரத்தில் ஓர் இடைநிலைப்பள்ளியில் பணியாற்றினேன். அப்பள்ளியின் படைப்பயிற்சி அணியில் முரசடிக்கும் மாணவன் ஒருவன் இருந்தான். அருகிலிருந்த தோட்டத்துப் பிள்ளை. எவரும் கற்பிக்குமுன்னே அவன் விரல்கள் தாளம் அறிந்திருந்தன. காரணம் எனக்குத் தெரியும். அவன் தாத்தா தோட்டத்தில் தப்பு அடிப்பவர். திருவிழாவிலும் சாவிலும் அவர் இன்றி எதுவும் நடவாது. ஆனால் பையன் இதனை நண்பர்களிடம் ஒருநாளும் கூறியதில்லை. பள்ளிச் சீருடையில் தொங்கும் முரசு பெருமை, தாத்தாவின் கையிலுள்ள தப்பு சிறுமை என்று அப்பிஞ்சு உள்ளத்தில் பதிந்திருந்தது. பதித்தது யார்? சாதியின் பெயரால் ஒரு கருவியை இழிவுபடுத்திய நாம்தாம்.

மாவட்ட அணிவகுப்புக்கு முந்திய இரவு தாத்தா காலமானார். மறுநாள் விடியற்காலை பையன் சீருடை அணிந்து பள்ளிக்கு வந்து நின்றான்.

“ஐயா, தாத்தா இறந்துவிட்டார். இன்று அணிவகுப்பு. நான் என்ன செய்யட்டும்?” என்று கேட்டான்.

நான் சற்று எண்ணிப் பார்த்து, “கடமையை முடித்துவிட்டுப் போ, தம்பி. அடக்கம் மாலையில்தானே? தாத்தாவும் அதைத்தான் விரும்புவார்” என்றேன். அறம் உரைத்துவிட்டதாக எனக்குள் ஒரு நிறைவும் ஏற்பட்டது.

அணிக்குப் பயிற்சியளித்தவர் படையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு மலாய்க்காரர். அனைவரும் அவரைச் சார்ஜன் என்றே அழைப்போம். வரிசையைப் பார்வையிட்டு வந்தவர் அவன் முகத்தைக் கண்டு நின்றார். காரணம் கேட்டறிந்தார். வேறொன்றும் பேசாமல் அவன் தோளிலிருந்த முரசு வாரைத் தம் கையாலேயே கழற்றினார்.

“முரசை எவனும் சுமக்கலாம். அவருக்குப் பேரன் நீ” என்று மலாயில் கூறினார்.

அன்று முன்வரிசையில் ஓர் இடம் வெற்றிடமாகவே சென்றது. அணி குலைந்துவிடவில்லை.

மாலையில் நான் தோட்டத்துக்குச் சென்றபொழுது எனக்கு முன்பே சார்ஜன் வந்திருந்தார். தப்படிப்பவர்களின் அருகே நின்று, அடி மாறும் இடங்களைத் தலையசைத்துக் கேட்டுக் கொண்டிருந்தார். பின்னர் பையனை அழைத்து, “இத்தனை நாளும் உன் கைக்கு இது எங்கிருந்து வந்தது என்று எண்ணிக் கொண்டிருந்தேன். ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டார். பையன் விடை கூறவில்லை. சிறிது நேரம் சென்றபின், பெரியவர் ஒருவரிடமிருந்து தாத்தாவின் தப்பை வாங்கிக் கொண்டான். ஊர்வலம் புறப்பட்டபொழுது முன்னே அடித்துச் சென்றவன் அவனே.

புறநானூற்றை நான் கற்பித்தேன். அதனைப் படித்தறியாத அந்த முதியவர் அதன்படி நின்றார். அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

ஒத்தும் இசையும்

தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு இப்பொழுது விடை காணலாம். ஒரே தாளத்திற்குக் கால் வைக்கக் கற்பதனால் மட்டும் ஒரு பிள்ளை நல்லவனாகிவிடுவதில்லை. தீயவனாகிவிடுவதும் இல்லை. அவன் வலிமை பெறுகின்றான். அவ்வலிமை எப்பக்கம் செல்லும் என்பது, முரசுக்கு அப்பால் அவனுக்கு என்ன கற்பிக்கப்பட்டது என்பதையும், முரசை நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்திக் காட்டும் பெரியவர் ஒருவரை அவன் கண்டானா என்பதையும் பொறுத்தது.

பைக்குழல் அணி புறப்படுமுன் முதலில் ஒத்துக்குழல்களைச் சுருதி சேர்ப்பர். விரலிடும் குழலில் பாட்டுகள் மாறி மாறி வரும். களிப்பும் வரும், இரங்கலும் வரும். அடியில் ஒலிக்கும் ஒத்து மட்டும் மாறுவதில்லை. கேட்போர் அதனைத் தனியே கவனிப்பதும் இல்லை. ஆனால் அது பிசகினால் எத்துணைத் தேர்ந்த விரலும் பயனற்றுப் போகும். மனச்சான்று அத்தகைய ஒத்து. கட்டளைகள் மாறும், கொடிகள் மாறும், தலைவர்களும் மாறுவர்.

நம் பிள்ளைகள் அணிவகுத்துச் செல்லட்டும். குழலும் முரசும் பயிலட்டும். பாட்டனின் தப்பையும் தலைநிமிர்ந்து கையில் எடுக்கட்டும். பாட்டைக் கற்பிக்கப் பயிற்சியாளர் இருக்கின்றனர். ஒத்தைச் சுருதி சேர்க்கும் வேலை ஆசிரியராகிய நம்முடையது. அதனைச் செய்யுமுன், நம் சுருதி சரியாக இருக்கின்றதா என்று நாமே ஒருமுறை கேட்டுக்கொள்ளுதல் நன்று. என்னைப் பொறுத்தவரை, அவ்வாறு கேட்கும்பொழுதெல்லாம் என் செவியில் விழுவது, அன்று வார் கழற்றப்பட்ட முரசு தரையில் மெல்ல வைக்கப்பட்ட ஓசையே.